தாய்வீட்டுக் கதவைச் சுரண்டும் முன்

வளைகாப்புக்கு நாள் குறித்ததும் தாய்வீட்டில் முதலில் வந்து இறங்குவது பெயிண்ட் டப்பா. சம்பந்தி வீட்டார் வருவார்கள். பெண் பிரசவம் முடிந்து மூன்று நான்கு மாதம் இங்கேதான் இருக்கப் போகிறாள். பச்சைக் குழந்தை தவழப்போகும் வீடு வேறு. சுவரில் ஓதம், குளியலறையில் வழுக்கல், பல வருடங்களாக யாரும் தொடாத கதவு ஜன்னல், பரணில் கரையான் என்று தள்ளிப்போட்ட வேலை அத்தனையையும் அந்தச் சில வாரங்களுக்குள் முடித்துவிடப் பார்க்கிறோம். முழுகாமல் இருக்கும் பெண் உள்ள குடும்பம் புதுமனை புகக்கூடாது என்று கறாராகச் சொல்லும் வீடுகளிலும் வெள்ளையடிப்புக்குத் தடை கிடையாது.

இந்த ஆசையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வழுக்காத தரை ஓடு, பிடித்து எழ ஒரு கம்பி, வெஸ்டர்ன் டாய்லெட், மாடிப்படியில் நல்ல விளக்கு, மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் பாதுகாப்புக் கருவி ஆகியவை நிறைமாதப் பெண்ணுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் உண்மையாகவே துணை நிற்பவை. என் கவலை வேறு. பழைய பெயிண்டை எப்படி எடுக்கிறார்கள், அந்த நேரம் அவள் எங்கே இருக்கிறாள், எந்த டப்பாவிலிருந்து புதிய பெயிண்ட் பூசப்படுகிறது என்ற மூன்று கேள்விகளையும் பெரும்பாலான வீடுகளில் யாரும் கேட்பதில்லை. நிறம் மட்டும் பத்து முறை விவாதிக்கப்படுகிறது.

புதிய பெயிண்டின் வாசனையைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். "பெயிண்ட் வாசம் பிள்ளைக்கு ஆகாது, அந்தப் பக்கம் போகாதே" என்று பெரியவர்கள் சொல்வது நல்ல அறிவுரைதான். ஆனால் தண்ணீரில் கரைக்கும் எமல்ஷனை ஜன்னல் திறந்த அறையில் ஒருமுறை பூசுவதால் கருவுக்கு வரும் ஆபத்து மிகக் குறைவு என்றே இன்றைய மருத்துவ ஆலோசனைகள் சொல்கின்றன. தின்னர், டர்பன்டைன் கலந்த எண்ணெய்ப் பெயிண்டும் வார்னிஷும் அதைவிடக் கடுமையானவை. மூடிய அறையில் அவற்றை மணிக்கணக்கில் சுவாசிக்கக் கூடாது, முதல் மூன்று மாதம் முற்றிலும் தள்ளி இருப்பதே சரி. இதையெல்லாம் விடப் பெரிய ஆபத்துக்கு வாசனையே கிடையாது. அது பழைய கதவிலிருந்து உதிரும் தூளில் இருக்கிறது.

உப்புத்தாளில் வரும் ஈயம்

எண்ணெய்ப் பெயிண்ட் சீக்கிரம் காயவும், நிறம் மங்காமல் இருக்கவும், இரும்பு துருப்பிடிக்காமல் இருக்கவும் ஈயச் சேர்மங்களைக் கலப்பது நீண்டகால வழக்கம். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களில் ஈயக் குரோமேட் அதிகம் பயன்பட்டது. சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்பிலும் டிஸ்டெம்பரிலும் இந்தப் பிரச்சினை குறைவு. கதவு, ஜன்னல் சட்டம், கம்பி, கேட், இரும்புக் கட்டில், பழைய தொட்டில் ஆகிய எனாமல் பூசிய பொருள்களில்தான் ஈயம் படலம் படலமாகத் தங்கியிருக்கும். பெரியவர்கள் தலைமுறையில் மஞ்சளும் பச்சையும் அடித்த வாசற்கதவை நினைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்கா வீட்டுப் பெயிண்டில் ஈயத்தை 1978-இலேயே தடை செய்தது. இந்தியாவில் வீட்டு, அலங்காரப் பெயிண்டுகளுக்கான ஈய அளவு விதி 2016 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. பத்து லட்சத்தில் 90 பங்கு, அதாவது 90 பி.பி.எம்.-க்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்கிறது அந்த விதி. அதற்கு முன் எனாமல் பூசிய எந்தக் கதவையும் ஈயம் இருக்கக்கூடிய கதவாகவே எண்ணி நடப்பது நல்லது. விதி புதிய டப்பாவைக் கட்டுப்படுத்துகிறது. ஏற்கனவே கதவில் ஒட்டியிருக்கும் பெயிண்டைப் பற்றி அது பேசவில்லை. அமெரிக்காவில் 1978-க்கு முன் கட்டிய வீடுகளில் கூலிக்கு வேலை செய்யும் நிறுவனத்துக்கு, ஈயத் தூசு பரவாமல் வேலை செய்யும் பயிற்சிச் சான்று இருக்க வேண்டும் என்பது 2010 முதல் சட்டம். நம் ஊரில் அந்தப் பொறுப்பு வீட்டுக்காரர் தலையில்தான் விழுகிறது.

பெயிண்டர் கதவைக் காய்ந்த உப்புத்தாளால் தேய்க்கும்போது எழும் தூள் மாவைவிட மெல்லியது. அது தரையில், பாயில், காயும் துணியில், திறந்து வைத்த தண்ணீர்க் குடத்தில் படியும். துடைப்பத்தால் பெருக்கினால் மறுபடி எழும். மூச்சிலும், கைவழியாக வாயிலும் போகும். ஊதுவிளக்கால் பெயிண்டை எரித்து உரிப்பது இன்னும் மோசம். ஈயமே ஆவியாகிக் காற்றில் கலக்கும்.

கர்ப்பிணிக்கு ஏன் தனிக் கவனம்? உடலில் சேரும் ஈயத்தைச் சுண்ணாம்புச் சத்தைப் போலவே நடத்தி எலும்புக்குள் வைத்துவிடுகிறது உடல். பெரியவர்களின் உடலில் உள்ள ஈயத்தில் பெரும்பகுதி எலும்பில்தான் பல்லாண்டு தங்கியிருக்கிறது. குழந்தையின் எலும்புக்காகத் தாயின் எலும்பு கரையும் கர்ப்ப காலத்தில், அவள் சிறுமியாக இருந்தபோது சேர்ந்த ஈயம்கூட இரத்தத்துக்கு வருகிறது. நஞ்சுக்கொடி அதைத் தடுப்பதில்லை. குறைப் பிரசவம், எடை குறைந்த பிறப்பு, அளவு மிகுந்தால் கருச்சிதைவு, பிறந்த பின் மூளை வளர்ச்சியிலும் கற்றலிலும் பின்னடைவு ஆகியவை ஈயத்தின் விளைவுகளாக ஆவணப்படுத்தப்பட்டவை. இந்த அளவுக்குக் கீழே பாதுகாப்பு என்று சொல்லத்தக்க எல்லை எதுவும் தெரியவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

யுனிசெஃப்பும் பியூர் எர்த்தும் 2020-இல் வெளியிட்ட அறிக்கை, உலகக் குழந்தைகளில் மூவரில் ஒருவருக்கு, ஏறத்தாழ 80 கோடிப் பேருக்கு, இரத்தத்தில் ஈயம் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருப்பதாக மதிப்பிட்டது. அவர்களில் 27 கோடிக்கும் மேற்பட்டவர்கள் இந்தியக் குழந்தைகள். பழைய பேட்டரி உருக்கும் இடங்கள், கலப்பட மசாலா, பாத்திரம், கண்மை என்று காரணங்கள் பல, பெயிண்ட் அவற்றில் ஒன்று. இன்னொன்றையும் சேர்த்து நினைக்க வேண்டும். இரும்புச்சத்து குறைந்த உடல் ஈயத்தை அதிகமாக உறிஞ்சும். 2019–21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் "உடம்பு சூடு" என்று ஒதுக்கிவைக்கும் பெண்களிடம் இதை எடுத்துச் சொல்ல வேண்டும். அந்த மாத்திரைகள் ஈயத்துக்கு எதிரான காவலும்கூட.

அப்படியென்றால் கதவைத் தொடவே கூடாதா? பெயிண்ட் உரியாமல் பிடிப்போடு இருந்தால், சுரண்டாமல் அதன்மேலேயே புதுப் பூச்சு கொடுப்பதுதான் பாதுகாப்பான வழி. உரிந்திருந்தால் சுரண்டித்தான் ஆக வேண்டும். அந்த வேலையைக் கர்ப்பிணியும் சிறு குழந்தைகளும் வீட்டில் இல்லாத நாட்களில் வைத்துக்கொள்ள வேண்டும். பெயிண்டரிடம் நேரடியாகச் சொல்லலாம்: "அண்ணே, வீட்டுல புள்ளத்தாச்சி வரப்போகுது. காயவெச்சுத் தேய்க்காதீங்க, வாட்டர் பேப்பர் வாங்கித் தர்றேன், தண்ணி தொட்டுத் தேய்ங்க." அறைச் சாமான்களை வெளியே எடுத்துவிட்டு, தரையில் பிளாஸ்டிக் விரிப்பு போட்டு, முடிந்ததும் விரிப்பைச் சுருட்டி மூடி எறிந்துவிட வேண்டும். பெருக்கக் கூடாது. சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் இரண்டு மூன்று முறை துடைக்க வேண்டும். பெயிண்டர் போட்டிருந்த துணியைக் குடும்பத் துணியோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது. தூசுக்கு என்95 முகக்கவசம் உதவும், தின்னர் ஆவிக்கு உதவாது. முகக்கவசம் போட்டுக்கொண்டு கர்ப்பிணியே வேலையில் இறங்கலாம் என்று இதற்குப் பொருள் இல்லை.

ஒரு பழக்கத்தை அவசரமாக நிறுத்தச் சொல்ல வேண்டியிருக்கிறது. பழுதுபார்க்கும்போது கழற்றிப் போட்ட பழைய கதவுப் பலகையையும் ஜன்னல் சட்டத்தையும் கொல்லையில் அடுக்கிவைத்து, பிள்ளை பெற்றவளுக்கு வெந்நீர் போட விறகாக எரிப்பார்கள். பெயிண்ட் பூசிய மரம் எரிந்தால் ஈயம் புகையிலும் சாம்பலிலும் வரும். அடுப்புக்குப் பக்கத்திலேயே தாயும் பச்சைக்குழந்தையும் குளிப்பார்கள். அதே சாம்பலால் பாத்திரம் துலக்குபவர்களும் உண்டு. அந்தப் பலகைகளைத் தனியே கட்டி அப்புறப்படுத்திவிடுங்கள்.

ஏற்கனவே வீட்டில் இருந்தபடியே கதவுகள் எல்லாம் சுரண்டி முடித்தாயிற்று என்றால், பதற வேண்டாம். ஈரத் துணியால் வீடு முழுக்கத் துடைத்துவிட்டு, அடுத்த பரிசோதனையின்போது மருத்துவரிடம் நடந்ததைச் சொல்லி, இரத்தத்தில் ஈய அளவு பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். பல ஆய்வகங்களில் அந்தச் சோதனை கிடைக்கிறது. அளவு 5 மைக்ரோகிராமை எட்டியிருந்தால் ஈயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்துவதும், உணவில் கால்சியம் குறைவாக இருந்தால் மாத்திரையாகக் கொடுப்பதும் உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டலில் உள்ளவை.

டப்பாவும் ரசீதும்

2016 விதியின்படி வீட்டுப் பெயிண்ட் டப்பாவின் மேல் ஈய அளவு 90 பி.பி.எம்.-ஐத் தாண்டவில்லை என்ற வாசகமும், தயாரிப்பாளரின் பெயர் முகவரியும், தயாரித்த காலமும் இருக்க வேண்டும். கடையில் டப்பாவைத் திருப்பிப் படிப்பது நுகர்வோரின் உரிமை. இந்த வாசகம் இல்லாத டப்பாவை வாங்காதீர்கள். தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான பெயிண்டுகள் இந்த விதியின் கீழ் வருவதில்லை. கேட்டுக்கும் கம்பிக்கும் தொட்டில் கம்பிக்கும் பட்டறையில் அடித்துத் தரும் பெயிண்ட் அந்த வகையாக இருக்கக்கூடும். ஆகவே வெல்டிங் பட்டறையில் தொட்டில் ஸ்டாண்டு செய்யக் கொடுத்தால், பெயிண்ட் டப்பாவை நீங்களே வாங்கிக் கொடுங்கள்.

கூலி ஒப்பந்தம் பேசும்போது ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். என்ன வேலை, எந்தப் பெயிண்ட், யார் வாங்குவது, எப்போது முடிப்பது, பழைய பெயிண்டை எப்படி எடுப்பது, குப்பையை யார் அப்புறப்படுத்துவது, பணம் எத்தனை தவணை என்பவை இருந்தால் போதும். வளைகாப்பு அவசரத்தில் முழுத்தொகையும் முன்பணமாகக் கொடுத்துவிட்டுத் தவிப்பவர்கள் ஏராளம். முடிவுத் தேதியை, பெண் வீட்டுக்கு வருவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்னதாக வையுங்கள். எண்ணெய்ப் பெயிண்டும் வார்னிஷும் ஆறவும், புது அலமாரியின் பிளைவுட் நெடி அடங்கவும் அந்த இடைவெளி தேவை.

ரசீது கொடுக்க மறுப்பதும், குறையுள்ள பொருளை ரசீதில் சொன்ன காலத்துக்குள் திரும்ப எடுக்க மறுப்பதும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி முறையற்ற வணிக நடவடிக்கைகள். ரசீதில் காலம் எதுவும் எழுதியிராவிட்டால் 30 நாள் என்று சட்டமே வைத்திருக்கிறது. இந்தச் சட்டத்தின் புதுமை, பொருளால் ஏற்பட்ட உடல்நலக் கேட்டுக்குத் தயாரித்தவர், விற்றவர், சேவை செய்தவர் ஆகியோரிடம் இழப்பீடு கேட்கத் தனி அத்தியாயமே இருப்பது. கூலிக்கு எடுத்த ஒப்பந்தக்காரர் வேலையைப் பாதியில் விட்டாலோ, சொன்னதை விட்டு மட்டமான பெயிண்டை அடித்தாலோ அது சேவைக் குறைபாடு.

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். பல சச்சரவுகள் அங்கேயே தீர்ந்துவிடுகின்றன. தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. வழக்கறிஞர் வைப்பது கட்டாயமில்லை. நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம் என்பது கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்காரிக்கும் பெரிய ஆறுதல். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். இணையவழியில் இ-ஜாக்ருதி தளத்தில் பதியலாம். இதற்கெல்லாம் டப்பாவின் புகைப்படம், ரசீது, ஒப்பந்தத் தாள், பணம் அனுப்பிய விவரம் ஆகியவைதான் சாட்சி. காலி டப்பாவை உடனே தூக்கி எறியாதீர்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள்

"நாமே கைக்காசு போட்டு அடிச்சுக்குவோம்" என்று வாடகைக் குடும்பங்கள் இறங்கிவிடுகின்றன. நகர்ப்புற வாடகை வீடுகளுக்கான தமிழ்நாட்டுச் சட்டம் 2017-இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. எழுத்துப்பூர்வ ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், கட்டட அமைப்புப் பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பு, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட், தண்ணீர்க் குழாய் மாற்றம், மின்கம்பி வேலை ஆகியவை வீட்டு உரிமையாளரின் பொறுப்பு என்று அதன் அட்டவணை வகுக்கிறது. குழாய் வாஷர், ஸ்விட்ச், சாக்கடை அடைப்பு போன்ற சில்லறை வேலைகள் குடியிருப்பவர் பொறுப்பு. உரிமையாளர் பழுதுபார்க்க மறுத்தால் வாடகை அதிகார அமைப்பிடம் முறையிடலாம். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் இருப்பவர்கள் அங்கே திணறுவார்கள் என்பதால், குழந்தை வரும் செய்தியோடு அந்தப் பதிவையும் முடித்துவிடுவது நல்லது.

வேலைக்காக உரிமையாளரோ அவர் அனுப்பும் ஆட்களோ நினைத்த நேரத்தில் உள்ளே வரவும் முடியாது. 24 மணி நேரம் முன்னதாக எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்கிறது சட்டம். சுரண்டும் வேலை என்று முன்கூட்டித் தெரிந்தால் அந்த நாட்களுக்குக் கர்ப்பிணியை வேறிடத்துக்கு அனுப்பிவைக்க இந்த அவகாசம் போதும்.

சொந்தமாகப் புது அடுக்ககம் வாங்கியவர்களுக்கு வேறு வழி உண்டு. சாவி கொடுத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் கட்டடக் குறையோ வேலைக் குறையோ தெரிந்தால், தெரிவித்த 30 நாளுக்குள் இலவசமாகச் சரிசெய்ய வேண்டியது கட்டுமான நிறுவனத்தின் கடமை. இதை விதிப்பது 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம். ஓதம் இறங்கும் சுவரில் பூஞ்சை படர, அதை மறைக்க மேலே பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

கரையானும் எலியும்

குழந்தை வருவதற்கு முன் கரையானுக்கு மருந்து அடித்துவிடுவோம் என்று நினைப்பவர்கள் கொஞ்சம் நிற்க வேண்டும். தரையில் துளையிட்டு ஊற்றும் மருந்துகளில் குளோர்பைரிபாஸ் இன்னும் புழக்கத்தில் உள்ளது. வளரும் மூளையைப் பாதிக்கும் என்ற கவலையால் அமெரிக்கா வீட்டு உபயோகத்திலிருந்து அதை 2000-இலிருந்தே விலக்கத் தொடங்கியது. ஸ்டாக்ஹோம் பன்னாட்டு உடன்படிக்கை 2025-இல் அதை, சில விலக்குகளோடு, ஒழிக்க வேண்டிய வேதிப்பொருள் பட்டியலில் சேர்த்தது. இன்ன மருந்து என்று பெயர் சொல்லாத ஆளை வீட்டுக்குள் விடாதீர்கள். பூச்சிமருந்துப் பாட்டில் மேல் நிற முக்கோணம் இருக்கும். சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, மஞ்சள் அதற்கு அடுத்தது, பிறகு நீலம், பச்சை.

2024 நவம்பரில் சென்னையை ஒட்டிய குன்றத்தூர் பகுதியில், எலிமருந்து வைக்கப்பட்ட வீட்டில் உறங்கிய குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் இறந்துபோனார்கள், பெற்றோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். மூடிய குளிர்சாதன அறை. அந்தச் செய்தியை மறக்க முடியவில்லை. பூச்சிக்கொல்லிச் சட்டம் 1968-இன் கீழ் உரிமம் பெற்ற நிறுவனம்தானா என்று உரிமத்தைக் காட்டச் சொல்லிக் கேட்பதும், மருந்தின் பெயரையும் எத்தனை மணி நேரம் வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும் என்பதையும் எழுதி வாங்குவதும் உங்கள் உரிமை. கர்ப்ப காலத்தில் தள்ளிப்போட முடிந்தால் தள்ளிப்போடுங்கள். முடியாவிட்டால் கர்ப்பிணியை வேறு வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நன்றாகக் காற்றாட விட்ட பிறகே அழைத்து வாருங்கள்.

கைப்பட செய்வதெல்லாம்

நிறைமாத நாட்களில் கையால் ஏதாவது செய்துகொண்டிருப்பது பெண்களுக்குப் பிடித்தமானது. பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து அணையாடை தைப்பது போல நல்ல வழக்கம் வேறில்லை. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன துணி, சாயம் போய் முடிந்த துணி. ஏணியிலும் நாற்காலியிலும் ஏறித் திரைச்சீலை மாட்டுவதுதான் கூடாது. வயிறு முன்னே வரும்போது உடலின் சமநிலை மாறுகிறது, மூட்டுகளும் தளர்கின்றன. பழகிய முக்காலியே அப்போது ஆபத்து.

குழந்தைக்குக் கையுறையும் காலுறையும் பின்னுபவர்கள் உட்புறத்தைத் திருப்பி, தொங்கும் நூலை ஒட்ட நறுக்க வேண்டும். தொங்கும் ஒரு நூல் பச்சைக்குழந்தையின் விரலில் சுற்றி இறுகினால் இரத்த ஓட்டம் நின்றுவிடும். காரணம் புரியாமல் விடாது அழும் குழந்தையின் காலுறையைக் கழற்றிப் பார்க்கும்படி குழந்தை மருத்துவர்கள் சொல்வது இதற்காகத்தான். துணிப் பொம்மைக்குப் பொத்தான் கண்ணும் மணியும் வேண்டாம், நூலால் கண் தைத்தால் போதும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் பொம்மையில், 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சோதனைக் குழாய்க்குள் அடங்கிவிடும் சிறுபாகம் எதுவும் இருக்கக் கூடாது என்பது பொம்மைத் தர விதிகளில் உள்ள அளவுகோல். தொண்டையை அடைக்கும் அளவு அதுதான்.

கடையில் வாங்கும் பொம்மைக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். முத்திரைக்குக் கீழே உள்ள உரிம எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டு உண்மையா என்று பார்க்கலாம். பதிவு பெற்ற கைவினைஞர்களின் பொம்மைகளுக்கும் புவிசார் குறியீடு பெற்றவற்றுக்கும் விலக்கு உண்டு. சிறு கைவினைஞர்களைக் காக்கும் நியாயமான விலக்கு அது. அதனால் சோதனை முத்திரை இல்லாத மரப்பொம்மையை வாங்கும்போது என்ன நிறம் பூசியிருக்கிறது என்று நாம்தான் கேட்க வேண்டும். கர்நாடகத்துச் சன்னபட்டணா பொம்மை மரபில் அரக்கும் இயற்கைச் சாயமும் பயன்படுகின்றன. பளபளக்கும் எனாமல் பூசியதைக் கொலுப்படியில் வையுங்கள், குழந்தையின் வாய்க்குக் கொடுக்காதீர்கள்.

தூளி பற்றிச் சொல்லாமல் முடியாது. மின்விசிறிக் கொக்கியிலும், ஜிப்சம் பலகையால் செய்த பொய்க்கூரையிலும் தூளி கட்டக் கூடாது. கான்கிரீட்டில் சரியாகப் பதித்த கொக்கியில், முதலில் ஒரு பெரியவரின் எடை அளவு பாரம் தொங்கவிட்டுப் பார்த்த பிறகே குழந்தையைப் போட வேண்டும். உராயும் இடத்தில் நைலான் கயிறு தேயும் என்பதால் வாரம் ஒருமுறை அவிழ்த்துப் பாருங்கள். தரைக்கு அருகில் கட்டி, கீழே பாய் விரியுங்கள். பெரிய குழந்தைகள் தூளிச் சேலையில் சுற்றி விளையாடிக் கழுத்து இறுகிய செய்திகளை ஆண்டுதோறும் படிக்கிறோம். குழந்தை எழுந்ததும் தூளியை முடிந்து உயரே போட்டுவிட வேண்டும். பச்சைக்குழந்தை நீண்ட நேரம் உறங்க, சமமான உறுதியான படுக்கையில் மல்லாக்கப் படுக்க வைப்பதே பாதுகாப்பானது என்கிறது மருத்துவம். தாடை நெஞ்சில் முட்டும்படி தூளிக்குள் சுருண்டு கிடந்தால் மூச்சு தடைபடலாம். தச்சரிடம் மரத்தொட்டில் செய்யச் சொன்னால் கம்பிகளுக்கு நடுவே 6 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி விட வேண்டாம் என்று சொல்லுங்கள். வழக்கப்படி கையில் வசம்பு வளையலைக் கட்டினால் குழந்தை அதைத்தான் சப்பும், அதுவும் வேண்டாம். வசம்பை உணவில் சேர்ப்பதை அமெரிக்கா 1968-இலேயே தடைசெய்துவிட்டது.

அந்தக் கதவைச் சுரண்டுபவள்

இதுவரை சொன்னது அத்தனையும் வீட்டுக்குள் இருக்கும் கர்ப்பிணியைப் பற்றி. வாசலில் உட்கார்ந்து உப்புத்தாளால் ஜன்னல் கம்பியைத் தேய்த்துக்கொண்டிருக்கும் சித்தாளும் கர்ப்பிணியாக இருக்கலாம். வேலை போய்விடும் என்று ஐந்து மாதம் வரை சொல்லாமலே இருப்பார்கள். நம் வீட்டுப் பெண்ணைத் தூசுக்குத் தப்பிக்க ஊருக்கு அனுப்பிவிட்டு, அதே தூசில் இன்னொருத்தியை எட்டு மணி நேரம் உட்காரவைப்பதை எந்த நியாயத்தாலும் ஏற்க முடியாது.

மகப்பேறு நலச் சட்டம் 1961, பேறுகாலத்தை நெருங்கிய பெண் கேட்டுக்கொண்டால் கடினமான வேலையும் நெடுநேரம் நிற்கும் வேலையும் கொடுக்கக் கூடாது என்று விதித்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அந்தப் பாதுகாப்பைத் தொடர்கிறது. ஆனால் மூன்று பேர் சேர்ந்து செய்யும் வீட்டுப் பெயிண்ட் வேலையை அந்தச் சட்டங்கள் பெரும்பாலும் எட்டுவதில்லை. அவளுக்குக் கைக்கெட்டும் உதவி தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியம்தான். பெயிண்டரும் சித்தாளும் அதில் பதியலாம், பதிந்தவர்களுக்கு மகப்பேறு உதவித்தொகை உண்டு. வறிய குடும்பத்துப் பெண்ணுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000 ரூபாய் அளவுக்குக் கிடைக்கும். அதற்குக் கர்ப்பத்தை ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கிராம சுகாதார செவிலியரிடமோ முன்னதாகவே பதிந்திருக்க வேண்டும்.

மேஸ்திரியிடம் பேசும்போதே கேட்டுவிடுங்கள்: சுரண்டும் வேலைக்கு வரும் பெண்கள் யாராவது மாசமாக இருக்கிறார்களா? இருந்தால் அவளுக்குக் கூலி குறையாமல் தூசில்லாத வேறு வேலை கொடுக்கச் சொல்லுங்கள். கை கழுவ சோப்பும் தண்ணீரும் வேலை நடக்கும் இடத்திலேயே வையுங்கள், சாப்பிட நிழலான தனி இடம் காட்டுங்கள். வாரியத்தில் பதிய வேலைச் சான்று கேட்கப்பட்டால், அவள் உங்கள் வீட்டில் வேலை செய்த நாட்களைத் தேதியோடு எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள்.